பாப்பாத்தி குரலில் வந்த லாரி

பயத்தை எந்த நேரத்தில் வெளியிட்டால் அதிகம் பேர் நின்று பார்ப்பார்கள் என்பதை அவர்கள் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள்.

"காலையில வேண்டாம்," என்றான் அருள்மொழி. "காலையில பயப்படறதுக்கு யாருக்கும் நேரமில்ல. சாயங்காலம், வேலை முடிஞ்சு பஸ்ல நசுங்கிட்டு வர்றப்போ போட்டா நின்னு பார்ப்பாங்க."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம்," என்றான் முரளி, மடிக்கணினியிலிருந்து தலை நிமிராமல். "வெள்ளிக்கிழமை பயத்துக்கு மார்க்கெட் இல்ல."

கொல்லிமலைச் செம்மேட்டை ஒட்டிய அந்த விடுதியின் கூடத்தில் மூவரும் சிரித்தார்கள். வெளியே, சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளை விட்டு மார்கழி மூடுபனி இன்னும் விலகவில்லை. செயற்கை நுண்ணறிவு மனிதரின் கட்டுப்பாட்டை மீறிவிடக்கூடும் என்று அஞ்சுகிறவர்களைத் தேடித் தன்னார்வலர்களாகச் சேர்க்கும் 'முன்காவல்' என்ற சிறிய அமைப்பைச் சென்னையில் தொடங்கியவன் அருள்மொழி. அதன் காணொளிகளை முரளி தொகுத்தான். சொற்களை அருணா எழுதினாள். மூவருக்கும் அந்த அச்சம் உண்மையாகவே இருந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். அடுத்த கட்டப் பிரச்சாரத்தைத் திட்டமிடக் கொல்லிமலைக்கு வரலாம் என்று அழைத்தவள் அருணா. மலையிலேயே திருப்புலி நாட்டுப் பகுதியிலிருந்த அவளுடைய ஊர் அந்த விடுதியிலிருந்து அதிக தூரமில்லை.

வெள்ளைப் பலகையின் ஓரத்தில் அருள்மொழி ஓர் எண்ணை எழுதி வட்டமிட்டிருந்தான். முந்தைய நாள் மதியம் வெளியான காணொளியைப் பார்த்துவிட்டுத் தன்னார்வலராகப் பதிந்தவர்களின் எண்ணிக்கை அது. அமைப்பு தொடங்கியதிலிருந்து அத்தனை பேர் ஒரே நாளில் சேர்ந்ததில்லை. காணொளியில் இருந்தவள் அருணாவின் தாய் பாப்பாத்தி. ஒருவரின் குரலை இயந்திரம் எவ்வளவு எளிதாகத் திருடிவிடுகிறது என்று காட்டுவது நோக்கம். அதற்காகப் போன மாதம் முரளி வந்து, வெள்ளாமையைப் பற்றியும் பன்றித் தொல்லையைப் பற்றியும் அவளைப் பேசவைத்துப் பதிவு செய்துபோனான். எதற்கென்று அருணா விளக்கினாள். "திருடனைப் புடிக்கறதுக்குத்தானே? எடுத்துக்கங்க," என்று பாப்பாத்தி உட்கார்ந்து பேசினாள், அவர்களுக்குக் கேப்பைக்களியும் போட்டாள்.

அருணாவின் கைபேசி ஒலித்தது. அவள் தாயின் நிலத்துக்கு அடுத்த காட்டுக்காரி கண்ணாயி.

"ஏஞ்சாமி, உங்கம்மா எங்க போய்த் தொலைஞ்சா? போனு அடிச்சு அடிச்சு என்ற வெரலே தேஞ்சுபோச்சு."

"மாமன் ஊட்டுக் காதுகுத்துக்கு நேத்தே காளப்பநாயக்கன்பட்டி போயிருச்சுங்க அத்தை. மேளச் சத்தத்துல கேட்டிருக்காது. ஏனுங்க?"

"லாரி எங்கடி?"

"என்ன லாரிங்க?"

"என்ன லாரியா? கேக்கறா பாரு, படிச்ச புள்ள! நேத்து உங்கம்மா சொன்னாளே, வெடியால பாய் லாரி வருது, கெழங்கைப் புடுங்கி ரோட்டோரம் போடுங்கன்னு. ஊரே புடுங்கிக் குமிச்சு வெச்சிருக்குது. லாரியையும் காணோம், உங்கம்மாளையும் காணோம். பாயிக்கு அடிச்சா, 'நான் எப்பங்க சொன்னேன், மில்லே இந்த வாரம் ஓடல'ங்கறாரு. யாரு பொய்யி சொல்றது? அவரா, உங்கம்மாளா?"

அந்த ஊர்ப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுத்து கிடையாது. அதிலிருந்த பெரும்பாலோருக்கு எழுத்து வராது; வந்தவர்களுக்கும் அந்தக் கண்ணாடித் திரையில் தமிழைத் தட்டும் பொறுமை கிடையாது. எல்லாம் குரல்தான். அடிவாரத்தில் கிழங்கு வாங்கி ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்பும் யாக்கூப், லாரி கிடைத்ததும் பாப்பாத்திக்குச் சொல்வார். "கேட்டுக்கங்க சாமிகளா" என்று தொடங்கி, ஒரு சிறு இருமலில் முடியும் அவளுடைய குரல்செய்தி குழுவில் விழும். அதைக் கேட்ட பிறகே ஊர் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியைப் பிடுங்கும். மண்ணுக்குள் இருக்கும்வரை கிழங்கு மாதக்கணக்கில் காத்திருக்கும். பிடுங்கிவிட்டால் ஓரிரு நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓடிவிடும்; மில் தொடாது. ஆகவே ஊரின் மொத்த விளைச்சலும் ஒரு பெண்ணின் வாயை நம்பி மண்ணுக்குள் இருந்தது. இத்தனை வருடங்களில் அந்த வாய் ஒருமுறையும் தவறியதில்லை. இது பாப்பாத்திக்கு யாரும் கொடுத்த பதவி அல்ல. அதனாலேயே அதை அவள் பெரிதாக வைத்திருந்தாள்.

கண்ணாயி குழுவில் வந்ததை அருணாவுக்கு அனுப்பினாள். கூடவே சாலையோரக் குவியலின் படம் ஒன்றும் வந்தது. அருணா காணொளியை அழுத்தினாள். அவர்கள் வெளியிட்ட காணொளியேதான்.

காட்டில் நிற்கும் தாயின் முகம். அதன்மேல் அவளுடைய குரல்: "கேட்டுக்கங்க சாமிகளா. நாளைக்கு வெடியால பாய் லாரி வருது. இன்னிக்குப் பொழுதோட எல்லாரும் கெழங்கைப் புடுங்கி ரோட்டோரம் சேத்து வைங்க." இருமல். பிறகு திரை கறுத்தது. முழு நிசப்தத்தில், வெள்ளை எழுத்துகள் ஒவ்வொரு வரியாக எழுந்தன: இந்தக் குரல் பாப்பாத்தியுடையது அல்ல. ஓர் இயந்திரம் செய்தது. நாளை அது உங்கள் அம்மாவின் குரலில் பேசும். இன்றே எங்களுடன் சேருங்கள்.

அருணா எழுதிக்கொடுத்தது வேறு. அவளுடைய வரைவில் போலிக் குரல் மகளிடம் நலம் விசாரித்துவிட்டுப் போகும். இறுதியில் பாப்பாத்தியே தோன்றி, "இது நான் பேசுனது இல்லீங்க" என்று வாய்திறந்து சொல்வாள். இறுதி வடிவத்துக்கு அவர்கள் ஒப்புதல் கேட்டபோது அருணாவின் பஸ் அடிவாரக் காரவள்ளியைத் தாண்டி மலை வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது, சிக்னல் இல்லை. மேலே வந்து சேர்ந்தபோது காணொளி வெளியாகியிருந்தது. பக்கத்து இருக்கையில் குழந்தை உறங்கியதால் ஒலியை அணைத்துவிட்டு அவள் அதைப் பார்த்தாள். எழுத்துகளைப் படித்தாள். நன்றாக வந்திருப்பதாக எண்ணிக்கொண்டாள்.

"லாரின்னு யார் மாத்துனது?" என்றாள்.

முரளி நிமிர்ந்தான். "நான்தான். நலம் விசாரிக்கிறது ரொம்ப சப்புன்னு இருந்துச்சு. நீ முன்னாடி அனுப்பின அவங்க வாய்ஸ் மெசேஜ்ல இந்த லாரி மேட்டர் இருந்துச்சா, கேக்க ஒரிஜினலா இருந்துச்சு. ஏன்?"

"அம்மா கடைசியில வந்து பேசறதை ஏன் எடுத்தே?"

"சவுண்ட் ஆஃப் பண்ணித்தான் எல்லாரும் பாக்கறாங்க அருணா," என்றான் அருள்மொழி பொறுமையாக. "முக்கியமான விஷயத்தை எழுத்துல வைக்கணும். பாலபாடம்."

அருணா தன் கைபேசியை மேசைமேல் வைத்துக் கண்ணாயி அனுப்பிய படத்தைக் காட்டினாள். அவர்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காக அதை அமைப்பின் குழுவிலும் போட்டாள். பிறகு பேசத் தொடங்கினாள். தன் குரல் உயர்வதை அவளே கேட்டாள், தாழ்த்த விரும்பவில்லை.

"எங்க ஊர்ல யாரும் சவுண்டை ஆஃப் பண்ண மாட்டாங்க. சவுண்டைத்தான் கேப்பாங்க. போனை வரப்புல வெச்சுட்டுக் களை எடுத்துட்டே கேப்பாங்க. நீங்க பொய்யைக் குரல்ல வெச்சீங்க, உண்மையை எழுத்துல வெச்சீங்க. எழுத்து தெரியாதவங்களுக்குப் பொய் மட்டும் போய்ச் சேர்ந்துச்சு. அம்மா முகத்தைப் பார்த்துட்டு யாரோ பெருமையா குழுவுல போட்டிருக்காங்க. நம்பிப் புடுங்கிட்டாங்க."

முரளி மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தான். அருள்மொழி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். சாலையின் வளைவு முழுக்க, மண் ஒட்டிய கிழங்குகள் இடுப்புயரத்துக்குக் குவிந்திருந்தன.

"கடவுளே," என்றான் மெதுவாக. "இதைவிட ஸ்ட்ராங்கா ஒரு கேஸ் நமக்குக் கிடைக்காது."

அருணா தன் கைபேசியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"கோபப்படாம கேளு. நாம இவ்வளவு நாள் 'நடக்கலாம், நடக்கலாம்'னு சொல்லிட்டிருந்தோம். இப்ப நடந்திருக்கு. போலிக் குரலால ஒரு மலைக்கிராமத்தோட அறுவடையே போச்சு. இதை ஒழுங்காச் சொன்னா எத்தனை பேர் வருவாங்க யோசி."

"யார் செஞ்ச போலிக் குரல்னு சொல்லுவீங்களா?"

"அது அவசியமில்ல."

"நாம செஞ்சோம்னு சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

"அருணா, நாளைக்கு இது தேர்தல்ல நடக்கும், ஆஸ்பத்திரியில நடக்கும். அதுக்கு எதிரா ஆளைச் சேக்கிறதுக்கு இருக்கறதே நம்மளை மாதிரி நாலு அமைப்புதான். நாமளே செஞ்சோம்னு சொன்னா, நாளைக்கு யாரு நம்மளை நம்புவாங்க?"

"நம்பக் கூடாதுதானே?"

அவன் பேச்சை மாற்றினான். நஷ்டத்துக்கு ஏதாவது செய்யலாம், பெயர் வராமல் செய்யலாம் என்றான். இதைத் தொலைநோக்கில் பார்க்க வேண்டும் என்றான். மனிதகுலம் என்ற சொல்லை அவன் இரண்டாம் முறை உச்சரித்தபோது அருணா பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எங்க ஊர்ல வந்து நின்னு, இது பாப்பாத்தி சொன்னதில்ல, நாங்க செஞ்சதுன்னு சொல்லுங்க. அதுபோதும். எங்கம்மா ஊரை ஏமாத்தினாங்கன்னு ஆகிட்டா அவங்க அங்க வாழ முடியாது."

"நான் வர்றது சரியா இருக்காது," என்றான் அருள்மொழி.

மடிக்கணினியை மூடும் ஓசை கேட்டது. முரளி எழுந்து, வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் தேடினான்.

*

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது யாக்கூப்பின் லோடு வண்டியும் வந்து நின்றது. காலையிலிருந்து ஊர் முழுக்கப் போன் செய்து வைததைத் தாங்கமாட்டாமல், அவர் காதுகுத்து வீட்டுக்கே போய்ப் பாப்பாத்தியை முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பட்டுச்சேலை, தலையில் வாடத் தொடங்கிய கனகாம்பரம். அவள் இறங்கியதும் கூட்டம் விலகவில்லை, நெருங்கியது.

"வாங்க மகராசி! விருந்து நல்லா இருந்துச்சுங்களா?" என்றாள் கண்ணாயி. "எங்களுக்கும் இலை போட்டுட்டுத்தான் போயிருக்கற, பாரு, ரோடு நெறைய!"

பாப்பாத்தி குவியல்களைப் பார்த்தாள். ஒரு கிழங்கை எடுத்து ஒடித்தாள். வெள்ளைச் சதையின் ஓரத்தில் மெல்லிய கோடு ஓடத் தொடங்கியிருந்தது. பனி இல்லாமல் வெயில் இருந்திருந்தால் சீவிக் காயப்போட்டாவது பார்க்கலாம். தின்கிற ரகமும் இல்லை, மில்லுக்குப் போடும் கசப்பு ரகம்.

"நான் சொல்லல," என்றாள்.

"நீ சொல்லலயா? அப்ப உன்ற ஆவியா சொல்லுச்சு?" கண்ணாயி கைபேசியை உயர்த்தி அழுத்தினாள்.

கேட்டுக்கங்க சாமிகளா.

பாப்பாத்தி தன் குரலைக் கேட்டாள். முதலில் அவள் முகத்தில் வந்தது கோபம் அல்ல, அருவருப்பு. தன் உள்பாவாடையை வேறொருத்தி கட்டிக்கொண்டு எதிரே வருவதைக் கண்டவள்போல நின்றாள். இறுதியில் அந்த இருமலும் கேட்டபோது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொரலு என்றதுதான்," என்றாள். "ஆனா நான் பேசல."

ஊர்க்கவுண்டர் சின்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏம்மா, நீ வேற, உன்ற கொரலு வேறயா? இத்தனை வருசமா ரெண்டும் ஒண்ணுன்னுதானே நாங்க நம்பிட்டு இருக்கறோம்?"

"என்ற பேரையும் இழுத்து உட்டுட்டீங்களே," என்றார் யாக்கூப். "எங்க தாத்தா காலத்துல இருந்து இந்த மலைக்கு லாரி அனுப்பறோம். சொல்லிட்டு வராம இருந்திருக்கறமா? ஒருத்தன் போன்ல என்னைய 'ஏமாத்துக்காரன்'ங்கறான். அவன் யாருன்னுகூட எனக்குத் தெரியாது!"

அருணா முன்னால் வந்து சொன்னாள். இயந்திரம் என்றாள், பதிவு என்றாள், எழுத்து என்றாள். தான் கேட்டுத்தான் அம்மா குரல் கொடுத்தாள் என்பதையும் சொன்னாள். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "மகதானே. சொல்லத்தான் செய்வா."

அந்த மூன்று சொற்களில் அருணா விளக்கிய அத்தனையும் கரைந்தது. செய்திகளை எழுதுவது அவள் தொழில். யார் எதை நம்புவார்கள் என்று கணக்கிடுவது அவள் கற்ற கலை. இங்கே அவள் வெறும் மகள்.

அப்போது முரளி கூட்டத்துக்குள் நுழைந்தான். "நான்தாங்க செஞ்சேன்," என்றான். சத்தம் போதவில்லை. மீண்டும் சொன்னான். "அவங்க பேசினதைப் பதிவு பண்ணி, மெசின்ல போட்டு, நான்தான் லாரி வருதுன்னு பேச வெச்சேன். உங்களுக்கு வரும்னு நெனைக்கல."

"மெசினு எப்படிப்பா இருமும்?" என்றார் சின்னுசாமி.

முரளி தன் கைபேசியை எடுத்தான். "ஏதாவது சொல்லுங்க. அவங்க கொரல்ல சொல்ல வெக்கறேன். அவங்க இங்கயே நிக்கட்டும்."

கண்ணாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள். "செத்தாலும் பாப்பாத்தி வாயில வராததைச் சொல்லச் சொல்லு. 'கண்ணாயி காட்டுக் கெழங்கு என்ற காட்டுக் கெழங்கைவிடப் பெருசு'ன்னு சொல்லட்டும். அப்ப நம்பறேன்."

அவன் தட்டினான். சற்று நேரம் ஒரு வட்டம் சுழன்றது. பாப்பாத்தி உதடுகளை இறுக மூடி நின்றாள். அவளுக்கு ஒரு கை தூரத்தில், முரளியின் உள்ளங்கையிலிருந்து, பாப்பாத்தி பேசினாள்: "கேட்டுக்கங்க சாமிகளா. கண்ணாயி காட்டுக் கெழங்கு என்ற காட்டுக் கெழங்கைவிடப் பெருசு." இருமினாள்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "இத்தன வருசம் ஆச்சு, ஒத்துக்கிட்டா பாரு!" என்று கண்ணாயியே தொடையில் தட்டிச் சிரித்தாள். அடுத்த மூச்சில் சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. அவர்கள் பாப்பாத்தியின் மூடிய வாயைப் பார்த்தார்கள். கைபேசியைப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"சரி," என்றார் சின்னுசாமி, தொண்டையைச் செருமிக்கொண்டு. "பாப்பாத்தி மேல தப்பில்ல. ஊரு அறியச் சொல்றேன்."

அருணா தாயின் கையைப் பிடிக்க நகர்ந்தாள்.

"அதெல்லாம் சரிங்க கவுண்டரே," என்றார் யாக்கூப். "அடுத்த வாரம் மில்லு ஓடும். மண்ணுல மிச்சம் கெடக்கற கெழங்கை எடுக்கோணும். லாரி கெடைச்சா நான் பாப்பாத்திகிட்டச் சொல்றேன். அது உங்களுக்குப் போன்ல சொல்லும். நீங்க நம்பிப் புடுங்குவீங்களா?"

கூட்டம் பாப்பாத்தியைப் பார்க்காமல் குவியல்களைப் பார்த்தது. கண்ணாயி தன் கைபேசியை இடுப்பில் செருகப் போனவள், செருகாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

குற்றம் நீங்கியது. அதை நீக்கிய சான்றே அவளுடைய குரலையும் பறித்துக்கொண்டது. அவள் பொய் சொல்லவில்லை என்று நிறுவுவதற்கு ஒரே வழி, அவள் குரலில் யார் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம் என்று ஊருக்குக் கற்பிப்பதாக இருந்தது. அருணா அந்த வழியைக் கையோடு அழைத்து வந்திருந்தாள்.

பாப்பாத்தி முரளியின் முன்னால் போய் நின்றாள். "தம்பி, வந்து ஒத்துக்கிட்ட. ஓடாம வந்தயே, அதுவரைக்கும் சரி. அன்னிக்கு என்ற ஊட்ல உக்காந்து களி தின்ன. திருடனைப் புடிக்கறமுன்னு சொன்ன. இப்பத் திருப்பிக் குடு."

"அழிச்சிடறேன்ங்க. இப்பவே அழிச்சிடறேன்." அவன் கைபேசியில் தேடத் தொடங்கினான்.

"உன்ற போன்ல அழிப்ப. இவங்க காதுல எப்படி அழிப்ப?"

அவன் அழுதுவிடுவான்போல இருந்தான். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

*

அந்த வாரம் முடிவதற்குள் குவியல்கள் வியர்த்து, கறுத்து, நொதித்தன. ஆடுகளுக்குப் போடவும் பயம்; கசப்புக் கிழங்கு தின்று செத்த ஆடு ஊருக்குத் தெரியும். சாலையில் போகும் பஸ்களில் ஜன்னல்கள் மூடிக்கொண்டன. முரளி சென்னைக்குப் போகவில்லை. ராசிபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போனதாகச் சொன்னான். அருணா விடுதிக்குத் திரும்பவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் 'முன்காவல்' பக்கத்தில் புதிய பதிவு வந்தது. கண்ணாயி எடுத்த படம். அருணா புரியவைப்பதற்காகப் போட்ட அதே படம். மேலே எழுத்து: 'ஓர் ஏஐ குரல், ஒரு மலைக்கிராமத்தின் அறுவடையை அழித்தது. நீங்கள் எப்போது விழிப்பீர்கள்?' கீழே, தன்னார்வலராகச் சேர ஓர் இணைப்பு. சாயங்காலம், பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வருகிற நேரம். வெள்ளிக்கிழமையும் அல்ல. அந்தக் கூடத்தில் தானும் சேர்ந்து சிரித்த சிரிப்பு அவள் காதில் விழுந்தது.

வாக்கியம் பொய்யல்ல என்பதுதான் அவளை எரித்தது. ஒவ்வொரு சொல்லும் நடந்ததைச் சொன்னது. செய்தவன் மட்டும் வாக்கியத்தில் இல்லை. குரல் தானே எழுந்து, தானே நடந்து, தானே மலையேறி வந்து கிழங்கைப் பிடுங்கிவிட்டதுபோல எழுதியிருந்தார்கள். எழுதியவனின் கை அவளுக்குத் தெரியும். அந்தக் கைக்கு எழுவாயை மறைக்கும் வித்தையைச் சென்ற வருடம் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். "செய்தவரைச் சொன்னால் வாசகர் அவரைக் கோபிப்பார், செய்தவரை விட்டுவிட்டால் பயப்படுவார்" என்று அவளே ஒரு பயிற்சியில் விளக்கியிருந்தாள். அன்று எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்தை நிர்வகிக்கும் உரிமையை அவளிடமிருந்து எடுக்க அருள்மொழி மறந்திருந்தான். அவள் தாயைக் குவியலின் முன்னால் நிறுத்திக் கைபேசியை உயர்த்தினாள்.

"என்ன சொல்லோணும்?" என்றாள் பாப்பாத்தி.

"நடந்ததைச் சொல்லும்மா. நான் எதும் எழுதித் தரல."

பாப்பாத்தி சொன்னாள். 'கேட்டுக்கங்க சாமிகளா' என்று தொடங்கவில்லை. அந்தத் தொடக்கம் அவளுக்கு இப்போது கசந்தது. "நான் பாப்பாத்திங்க. இந்தக் கெழங்கை அழுக உட்டது இந்தப் பக்கத்துக்காரங்கதானுங்க. திருடனைப் புடிக்கறமுன்னு வந்து என்ற கொரலை எடுத்துட்டுப் போயி, லாரி வருதுன்னு பொய்யி சொல்ல வெச்சாங்க. அதை மறைச்சுட்டு, அழுகுனதைக் காட்டி ஆளு சேக்கறாங்க. அவங்க சொல்ற ஆபத்து நெசமாத்தான் இருக்கும்போல. ஆனா முதல்ல அதைச் செஞ்சது அவங்கதானுங்க." இருமினாள். அந்த இருமலை என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அருணா ஒரு வெட்டும் இல்லாமல், மேலே ஓர் எழுத்தும் இல்லாமல் அதை வெளியிட்டாள். சிறிது நேரத்தில் கருத்துகள் விழத் தொடங்கின.

"என்ன எழுதியிருக்கறாங்க? படி."

அருணா தயங்கினாள்.

"படின்னா படி."

"'செமையா இருக்கு, பயமா இருக்கு. இதுவும் ஏஐ தானே'ன்னு ஒருத்தர். 'உதட்டசைவு எவ்வளவு ஒரிஜினல் பாருங்க, எந்த ஆப்'னு இன்னொருத்தர். 'நானும் சேந்துட்டேன்'னு ஒரு பொண்ணு."

பாப்பாத்தி குவியலின் பக்கம் திரும்பினாள்.

"வரச் சொல்லு," என்றாள். "அத்தன பேரையும் வரச் சொல்லு. காரவள்ளியில ஏறி, அத்தன வளைவும் சுத்தி, இங்க வந்து நிக்கச் சொல்லு. கொரலைச் செஞ்சவனுக இந்த நாத்தத்தையும் செஞ்சானுகளான்னு மோந்து பாத்துட்டுப் போகட்டும்."

அருணா ஒரு சொல்லையும் திருத்தாமல் அதைத் தட்டினாள். அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது திரை வெளுத்தது. இந்தப் பக்கத்தை அணுக உங்களுக்கு அனுமதி இல்லை. மீண்டும் முயன்றாள். பாப்பாத்தியின் பதிவும் அதற்குள் இல்லாமல் போயிருந்தது. அருள்மொழியின் அழைப்பு வந்தது, அவள் எடுக்கவில்லை. மீண்டும் வந்தது. கைபேசியைக் குவியலின்மேல் எறியக் கை ஓங்கினாள். பாப்பாத்தி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பாப்பாத்தியின் இடுப்பிலிருந்த கைபேசியும் அப்போது ஒலித்தது.

"தாயி, யாக்கூப்பு பேசறேன். மில்லு ஓடப்போகுது. நாளான்னிக்கு வெடியால லாரி."

பாப்பாத்தி கைபேசியைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள்.

"நீங்க யாக்கூப்பு பாய்தானுங்களா?"

"என்ன தாயி இது கேள்வி?"

"அன்னிக்கு என்னை வண்டியில ஏத்திட்டு வந்தீங்களே, வழியில எதுக்கு நிறுத்துனீங்க?"

மறுமுனையில் எரிச்சலான சிரிப்பு. "நீதான் காதுகுத்து லட்டை அள்ளி அள்ளிக் குடுத்த. வவுறு கலக்கிப் புதருக்குள்ள ஓடுனேன். போதுமா? இதையும் ஊருக்குச் சொல்லிப்போடாத."

"சரிங்க பாய்," என்றாள் பாப்பாத்தி. சிரிக்கவில்லை.

கைபேசியை அணைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். அந்த ஊரில் வீடுகள் ஒட்டி இருப்பதில்லை. ஒவ்வொரு காட்டுக்குள்ளும் ஒன்று, மேடும் பள்ளமுமாகச் சிதறிக் கிடப்பவை. ஒரு மூச்சில் எல்லோரையும் போய்ச் சேர்ந்த செய்தி, இனி ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். அருணா பின்னால் போனாள். தாய் திரும்பிப் பார்க்கவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. அழுகிய குவியலைத் தாண்டும்போது இருவரும் மூக்கைப் பொத்தவில்லை.

கண்ணாயி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பாப்பாத்தி உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

"யாரது?"

"பாப்பாத்தி."

உள்ளே நடமாட்டம் நின்றது. கதவு திறக்கவில்லை.

"நான்தான்டி!" என்று கத்தினாள் பாப்பாத்தி. "வெளிய வா. வந்து என்ற வாயைப் பாத்துட்டுக் கேளு."